வேலுச்சாமியின் வாக்குமூலம்

“இவனா வெளியுறவுக் கொள்கையை மாத்தினவன்? மூணு வாரமா பனியனையே மாத்தலையே அக்கா!”

வேலப்பன் இதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மெதுவாகப் பேசுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. நல்லவேளையாக, எதிரே புல்லாங்குழலும் கையுமாக உட்கார்ந்திருந்த யோஹானுக்கு அத்தனை வேகத் தமிழ் எட்டாது. வட்டக்கானலில் ஆறு மாதமாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரன் அவன். தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

“வாயை மூடுலே,” என்றாள் வீரம்மாள்.

வீரம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷம் போலீஸில் இருந்தவள். மேலே இருப்பவன் சொல்லுகிற பொய்க்கெல்லாம் சல்யூட் அடிக்கப் பிடிக்காமல் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு வந்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டவள். வேலப்பன் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். இப்போது அவளுடைய ஜீப்புக்கு டிரைவர், அலுவலகத்துக்கு உதவியாளர், தலைவலிக்கு முழு உரிமையாளர்.

அன்று வெள்ளனே கொடைக்கானல் ஏரிக்கு மேலே இருக்கும் பெரிய பங்களாவுக்கு இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் சண்முகராஜின் கோடை வாசஸ்தலம் அது. டெல்லியில் வெளிநாட்டு விவகாரம் என்றால் ஆளுங்கூட்டணியில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அவருடைய அந்தரங்கச் செயலாளர் ஹரிகிருஷ்ணன் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

“மேடம், இலங்கை மலையகத்துல மேவிஸ்டன் தோட்டம்னு ஒண்ணு. அங்க ஹெல்வார்க்னு ஒரு ஐரோப்பியக் கம்பெனி அணை கட்டணும்ங்குது. கட்டினா தோட்டத்துத் தமிழ் ஜனங்க இருக்கிற லயம், அதான் வரிசை வீடுக, பூரா தண்ணிக்குள்ள போயிரும். இத்தனை வருஷமா எதிர்த்த ஒரே ஆளு நம்ம தலைவர்தான். இப்ப திடீர்னு அணை வரட்டும்ங்கிறாரு. திங்கக்கெழமை பார்லிமென்ட்ல பேசப் போறாரு. அவர் சரின்னுட்டா நம்ம நாடும் எதிர்ப்பை வாபஸ் வாங்கிரும், அப்புறம் அணையைத் தடுக்க ஆளில்லை.”

“ஏன் மனசு மாறினார்?”

ஹரிகிருஷ்ணன் ஒரு டிஸ்க்கை நீட்டினார். “இது தபால்ல வந்துச்சு. அந்தத் தோட்டத்து ஜனங்களே பேசுறாங்க. எங்களுக்கு அணை வேணும், வேற எடத்துல வீடு குடுத்தாப் போதும்னு. பார்த்துட்டுத் தலைவர் அழுதுட்டாரு. ஆனா பத்திரிகைக்காரன் சும்மா இருக்கானா? எவனோ வெளிநாட்டுக்காரன் தலைவரை மயக்கிட்டான்னு எழுதறான். ஏரிக்கரையில அவரு ஒரு வெள்ளைக்காரனுக்குக் கை குடுத்த படத்தையும் போட்டிருக்கான். இந்த டிஸ்க்கை அனுப்பினது யாரு, இதுல ஏதாவது வில்லங்கம் இருக்கா, ரெண்டு நாள்ல சொல்லுங்க.”

கை குடுத்த அந்த வெள்ளைக்காரன்தான் இந்த யோஹான்.

“சண்முகராஜைத் தெரியுமா?” என்று வீரம்மாள் கேட்டாள்.

“யாரு? ஓ, மைக் மனுசன்!” யோஹானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நான் ரொட்டி வாங்கப் போறேன். அவர் ஓடி வந்து கை குடுத்தார். போட்டோ எடுத்தாங்க. ரொட்டி கீழ விழுந்துச்சு.”

வேலப்பன் அவள் காதுக்கு அருகே குனிந்தான். “சர்வதேச சதி அக்கா. ரொட்டியில இருந்தே விசாரணையைத் தொடங்கிருவமா?”

வீரம்மாள் யோஹானின் லேப்டாப்பில் டிஸ்க்கைப் போட்டாள். படம் யாருடையது என்று படத்தைப் பார்த்தால் தெரியாது. பார்க்கிறவன் முகத்தைப் பார்த்தால் தெரியும். போலீஸில் கற்ற பாடங்களில் அவள் வீசியெறியாத சிலவற்றில் அது ஒன்று. படம் ஓடியது. யோஹான் கொட்டாவி விட்டான். அந்த முகத்தில் ஒரு மண்ணும் இல்லை.

ஆனால் பின்னால் தம்ளர் தட்டில் கடகடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அந்த விடுதியில் அறை கூட்டி, சமைத்துப் போடும் தேவகுமாரி தேநீரோடு நின்றுகொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் பெண். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி வந்த குடும்பம். அவள் கண் திரையை விட்டு நகரவில்லை.

திரையில் ஒரு பெண், “என் பேரு கருப்பம்மாள். மேவிஸ்டன் தோட்டம், ஏழாம் நம்பர் லயம். எங்களுக்குச் சம்மதம்,” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அது என் தங்கச்சி பேருங்க,” என்றாள் தேவகுமாரி. “ஆனா இது என் தங்கச்சி இல்லைங்க.”

வீரம்மாள் படத்தை நிறுத்தினாள். “தட்டைக் கீழ வையுங்கம்மா. உக்காருங்க. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

“பார்க்கிறதுக்கு என்னங்க இருக்கு? கூடையைப் பாருங்களேன். இவளுக தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளுகளே இல்லை. எங்க ஆளுக கயித்தைத் தலையில மாட்டி, கூடையை முதுகுல தொங்க விடுவோம். ரெண்டு கையாலயும் கிள்ளி, திரும்பிப் பாக்காம தோளுக்கு மேல பின்னால எறிவோம். இவளுக கூடையை இடுப்புல கட்டிக்கிட்டு, ஒவ்வொண்ணாப் பறிச்சு முன்னால போடுறாளுக. காப்பிப் பழம் பறிக்கிற கை இது.”

வேலப்பன் திரைக்கு மேல் கவிழ்ந்தான். “அட, ஆமாக்கா! மூலையில பாருங்க, கமலா ஆரஞ்சு காய்ச்சுத் தொங்குது. எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் காப்பியும் ஆரஞ்சும் இருந்து, வாசல்ல அழகுக்குன்னு ஒரு ஏக்கர் தேயிலையும் வெச்சிருக்கிற எஸ்டேட் ஒண்ணே ஒண்ணுதான். பெரும்பாறையில இருக்கு. பண்ணைக்காட்டு ஜீப்புக்காரனுக எல்லாருக்கும் தெரியும்.”

“யாரோடது?”

“தலைவரோட சம்பந்தி வீட்டு எஸ்டேட்டு,” என்றான் வேலப்பன். முதல் தடவையாக அவன் குரல் மெதுவாக வந்தது.

வீரம்மாள் மறுபடி படத்தை ஓடவிட்டாள். கருப்பம்மாளுக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து பேர் சொன்னார்கள். மொத்தம் பதினோரு பேர். பேர் விழ விழ தேவகுமாரி விரல் மடக்கிக்கொண்டே வந்தாள். கடைசியாக நரைத்த மீசையோடு ஒருவர் தோன்றினார். “என் பேரு வேலுச்சாமி. ஏழாம் நம்பர் லயம். முப்பது வருஷமா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டறேன். இந்த அணை எங்களுக்குத் தெய்வம்.”

தேவகுமாரி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

“வேலுச்சாமியா? எந்த வேலுச்சாமிங்க? ஏழாம் நம்பர்ல இருக்கிறது ஒரே வேலுச்சாமிதான். என் தங்கச்சி பேரன். போன வருஷம் தைப்பூசத்தன்னைக்குத்தான் பொறந்தான். இன்னும் பல்லு முழுசா வரலைங்க அதுக்கு!”

யோஹான்கூடக் குழலைக் கீழே வைத்துவிட்டான்.

“இந்தப் பதினோரு பேரும் வெளியாளுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் வீரம்மாள்.

“நான்தாங்க குடுத்தேன்,” என்று தேவகுமாரி நெற்றியில் அறைந்துகொண்டாள். “போன வருஷம் தங்கச்சி கடுதாசி எழுதினா. ‘அக்கா, லயத்தை ஒடைக்கப் போறாங்க, எங்களைத் தூக்கி எங்கயோ காட்டுல போடப் போறாங்க, அந்தப் பெரியவர் உங்க ஊருக்கு வருவாராமே, எங்களுக்காகப் பேசச் சொல்லு’ன்னு. லயத்துல இருக்கிற பதினோரு பேரு பேரையும் வரிசையா எழுதியிருந்தா. கைப்புள்ளையையும் விடாம. நான் அதைப் பார்த்து மனு எழுதி பங்களாவுல ஹரிகிருஷ்ணன் சார் கையில குடுத்தேன். வயசு கியசு எதுவும் எழுதலைங்க. அவரு படிச்சுப் பார்த்துட்டு, ‘பேரெல்லாம் நல்லாத் தெளிவா இருக்கும்மா’ன்னாரு.”

வீரம்மாளுக்கு வாயில் எச்சில் கசந்தது. எங்களைக் காப்பாற்று என்று கெஞ்சிய பதினோரு பேர். அந்தப் பேர்களையே எடுத்து, எங்களை மூழ்கடி என்று கேட்க வைத்திருக்கிறார்கள். சீ, என்ன பிழைப்பு இது! பதினெட்டு வருஷத்தில் அவள் திருடனைப் பார்த்திருக்கிறாள், கொலைகாரனைப் பார்த்திருக்கிறாள். அவர்களெல்லாம் இதற்கு எவ்வளவோ தேவலாம் என்று தோன்றியது.

“எந்திரிலே வேலப்பா. பெரும்பாறைக்கு வெரசா விடு. செயலாளர்தான் தலைவரை ஏமாத்தறான் போல. ஆளை உறுதி பண்ணிக்கிட்டு நேரா தலைவர்கிட்டயே போயிருவோம்.”

பெருமாள்மலை தாண்டி, பண்ணைக்காடு தாண்டி, தாண்டிக்குடி வழியாக இறங்கிப் பெரும்பாறை சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். எஸ்டேட் ஆட்கள் மிளகுக்கொடி நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் கண்ணைத் துடைத்த பெண்ணை வீரம்மாள் உடனே கண்டுகொண்டாள். அவள் பேர் குப்பம்மாள். மீசைக்காரர் அவள் பக்கத்திலேயே இருந்தார், அவளுடைய வீட்டுக்காரர்.

“படம் எப்பங்க வருது?” என்று குப்பம்மாள்தான் முந்திக்கொண்டு கேட்டாள். “சினிமா சூட்டிங்குன்னு சொன்னாக. எங்களுக்குச் சேலையும் குடுத்தாக. திண்டுக்கல்ல ஓடுமா, பழனியில மட்டுமா?”

வேலப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

“யாரும்மா சொல்லிக்குடுத்தா? வெள்ளைக்காரன் யாராச்சும் வந்தானா?” என்று கேட்டாள் வீரம்மாள்.

“வெள்ளைக்காரனா? ஒருத்தரும் வரலைங்க. கண்ணாடி போட்ட சார் ஒருத்தரு பேரையெல்லாம் வாசிச்சாரு. சொல்லிக்குடுத்தது பூராம் நம்ம தலைவருதான்!”

“எந்தத் தலைவர்?”

“அட, சண்முகராஜ் ஐயாங்க. ஓட்டுக்கு வந்து கும்பிட்டவரைத் தெரியாமப் போகுமா? நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லுன்னாரு. எனக்கு அழுகை வரலைன்னதும் வெங்காயம் நறுக்கிக் கொண்டாரச் சொன்னாரு. மூணு தடவை எடுத்தாக. கடைசியில கையைத் தட்டி, ‘பிரமாதம்மா, எனக்கே அழுகை வருது’ன்னு சிரிச்சாருங்க.”

வீரம்மாள் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தபாலில் வந்த படம். பார்த்து அழுத தலைவர். அவரை யாரும் மயக்கவில்லை, ஏமாற்றவில்லை, மாற்றவும் இல்லை. அவரே படம் எடுத்து, அவரே பார்த்து, அவரே மனம் மாறியிருக்கிறார். தூ!

விஷயம் என்னவென்று அவள் சொன்னதும் குப்பம்மாள் சோற்றை அப்படியே மூடி வைத்தாள். “அப்ப நான் அழுதது ஒரு குடும்பத்து வீட்டை ஒடைக்கவா? கட்டையில போறவன்!” என்று எழுந்து போய்க் காரித் துப்பினாள்.

மாலை நான்கு மணிக்குப் பங்களாவில் ஹரிகிருஷ்ணனோடு தலைவரே காத்திருந்தார். வெள்ளைக் கதர், நெற்றியில் விபூதி, முகம் நிறையச் சிரிப்பு. காபி வந்தது. வீரம்மாள் தொடவில்லை.

“பெரும்பாறைக்குப் போயிட்டு வந்தீங்களாமே. எஸ்டேட் மேனேஜர் போன் பண்ணினாரு,” என்றார் தலைவர். “ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டீங்க. சபாஷ்! நான் அப்பவே சொன்னேன் ஹரி, இந்தம்மா கெட்டிக்காரின்னு.”

திட்டு விழும், மிரட்டல் விழும் என்று எதிர்பார்த்துத்தான் வீரம்மாள் வந்திருந்தாள். பாராட்டு விழும் என்று நினைக்கவில்லை. “புரியலைங்க,” என்றாள்.

“இதுல என்ன புரியாம இருக்கு? திங்கக்கெழமை இதை நான் சபையில சொல்லப் போறேன், பத்திரிகைக்காரங்களுக்குப் போட்டுக் காட்டப் போறேன். எதிர்க்கட்சிக்காரன் ஓட்டை தேடுவான். அவன் தேடறதுக்கு முன்னால நாமளே ஒரு நல்ல ஆளை விட்டுத் தேடிப் பார்த்துரலாமேன்னுதான் உங்களைக் கூப்பிட்டது. எங்க பிடிச்சீங்க, எப்படிப் பிடிச்சீங்க, அதைச் சொல்லுங்க. நாளைக்கே திருப்பி எடுத்துருவோம்.”

“ஹெல்வார்க் கம்பெனிக்காரங்க உங்களை...”

“அவங்க எங்கம்மா என்னைத் தேடி வந்தாங்க?” தலைவர் கையை அலட்சியமாக ஆட்டினார். “நான்தான் தேடிப் போனேன். மருமகனுக்கு அங்க ஒரு நாற்காலி வேணும்ல? கொள்கைங்கிறது என்ன, நாம போட்டுக்கிற சட்டைதானே. உங்களுக்கும் டெல்லியில நல்ல எடமாப் பார்த்துருவோம்.”

இருபது வருஷமாக மலையகத்துக்காக மேடையில் கண்ணீர் விட்ட குரல் இதே குரல்தான். எழுந்து போய் அந்தக் கதர் சட்டை மேலேயே வாந்தி எடுத்தால்கூடத் தகும். ஆனால் வெளியே போய் அவள் சொன்னால் யார் நம்புவார்கள்? குப்பம்மாளின் வாயை நாளைக்கே அடைத்துவிடுவார்கள். படத்தை மட்டும் சுத்தமாகத் திருப்பி எடுத்துவிட்டால் ஏழாம் நம்பர் லயம் தண்ணீருக்குள் போய்விடும்.

ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஒரே ஒரு தப்புதாங்க,” என்றாள். “கூடை. தேயிலைக் கூடையை இடுப்புல கட்டக் கூடாது. கயித்தைத் தலையில மாட்டி முதுகுல விடணும். அதை வெச்சுத்தான் இது காப்பி எஸ்டேட்டு ஆளுகன்னு பிடிச்சேன். அப்புறம் மூலையில ஆரஞ்சு மரம் தெரியுது. அதை மறைச்சிருங்க.”

“அவ்வளவுதானா? பேரு, ஊரு எல்லாம்?”

வேலப்பன் அவசரமாக, “அக்கா, அந்த வேலுச்...” என்று ஆரம்பித்தான். வீரம்மாளின் செருப்பு அவன் கால் விரல் மேல் ஏறி உட்கார்ந்தது. அவன் முகம் கோணியது.

“பேரெல்லாம் கச்சிதமுங்க. அந்த வேலுச்சாமிதான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுறாருன்னு சொல்ல வாறான்,” என்றாள் வீரம்மாள். “என்னைக் கேட்டா அவரை இன்னும் ரெண்டு வார்த்தை பேச விடலாம். நீங்க சபையில பேசறப்பவும் அவரு பேரைச் சொன்னீங்கன்னா ஜனங்க மனசுல நிக்கும்.”

“பார்த்தியா ஹரி! இந்தம்மா இருக்க வேண்டிய எடம் திண்டுக்கல்லா?” என்றார் தலைவர்.

ஜீப்பில் ஏறியதும் வேலப்பன் செருப்பைக் கழற்றி விரலை ஊதிக்கொண்டான். “கால் போச்சு. ஆனா போன கால் நாட்டுக்காகப் போச்சுன்னு வெச்சுக்கிடறேன். இப்ப என்னக்கா சோலி?”

“குப்பம்மாளுக்கு ஆள் சொல்லி அனுப்பு. திருப்பிக் கூப்பிட்டா முறைக்காம போகச் சொல்லு. அவ வீட்டுக்காரரு வேலுச்சாமியா நல்லாப் பேசட்டும். நாம தேவகுமாரியைக் கூட்டிக்கிட்டு டெலிபோன் பூத்துக்குப் போவோம். அந்தப் புள்ளையோட பொறப்புச் சான்றிதழும் ஒரு போட்டோவும் ஃபேக்ஸ்ல வரணும்.”

திங்கட்கிழமை வட்டக்கானல் டீக்கடையில் நின்று டிவி பார்த்த கூட்டத்தில் மூவரும் இருந்தார்கள். சபையில் தலைவர் குரல் தழுதழுத்தது. “வேலுச்சாமி என்ற அந்த ஏழைத் தொழிலாளி, முப்பது ஆண்டுகள் உழைத்த அந்தக் கைகளைக் கூப்பி என்னிடம் சொன்னார்...”

தேவகுமாரி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்து அவர் பத்திரிகைக்காரர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார். கூடைகள் எல்லாம் முதுகில் இருந்தன. வேலுச்சாமி மூன்று நிமிஷம் பேசினார். விளக்கு எரிந்ததும் ஒரு நிருபர் எழுந்தார். வெள்ளிக்கிழமையே வீரம்மாள் அனுப்பிய உறை அவர் கையில் இருந்தது.

“இந்த வேலுச்சாமியை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா சார்?”

“பார்த்தேன். கட்டிப்பிடிச்சு அழுதேன்.”

“ஏழாம் நம்பர் லயத்துல ஒரே ஒரு வேலுச்சாமிதான் சார். அது இவர்தான்.” நிருபர் ஒரு போட்டோவைத் தூக்கிப் பிடித்தார். கேமராக்கள் எல்லாம் அதன் பக்கம் திரும்பின. கருப்பம்மாளின் இடுப்பில், அரைஞாண் கயிற்றைத் தவிர வேறு துணி இல்லாமல், கட்டை விரலைச் சப்பிக்கொண்டு ஒரு குழந்தை. “பிறப்புச் சான்றிதழ் இதோ. வயசு ஒண்ணேகால். கவ்வாத்துக் கத்தியைத் தூக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.”

டீக்கடை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அணைக்கு நாட்டின் சம்மதம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அரை மணி நேரத்தில் செய்தி ஓடியது. தேவகுமாரி அழுதுகொண்டே வீரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மறுபடி தலைவர் திரையில் வந்தார். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. “நான் ஏமாற்றப்பட்டேன். வெளிநாட்டுச் சக்திகள் பொய்ப் படத்தை அனுப்பி என் கருத்தைக் கெடுக்கப் பார்த்தன. மலையக மக்களுக்காக என் உயிர் உள்ளவரை...”

“அடப்பாவி! யோஹானைத் தூக்கிருவானுக போலிருக்கே,” என்றான் வேலப்பன். “நான் போய் அவனைப் பனியனை மாத்திக்கிட்டு ரெடியா இருக்கச் சொல்றேன்.”

வீரம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெயித்த மாதிரியே இல்லை. சாக்கடையில் கைவிட்டு ஒரு பொருளை எடுத்த மாதிரி இருந்தது. பொருள் கிடைத்துவிட்டது. நாற்றம்தான் போகவில்லை. ஆனால் அந்த நாற்றத்தோடு அவள் வீட்டுக்குப் போகப் போவதில்லை. குப்பம்மாளும் வீட்டுக்காரரும் பண்ணைக்காட்டிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அவள் வரச்சொன்ன இன்னொரு நிருபர் மாலையில் வருகிறார். வெங்காயக் கதையை அவர்களே சொல்வார்கள்.

கடைக்காரரைக் கேட்டு டிவியை அணைத்தாள். “தங்கச்சிக்குப் போன் போடுங்கம்மா,” என்றாள்.

பக்கத்து பூத்தில் தேவகுமாரி எண்களை அழுத்தினாள். அந்தப் பக்கம் கருப்பம்மாள் எடுத்தாள். “லயம் நிக்குதுடி, லயம் நிக்குது!” என்று இவள் கத்த, அவளும் அழ, இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அழுகைச் சத்தத்தில் தூக்கம் கலைந்த வேலுச்சாமி வீலென்று கத்தினான். தேவகுமாரி போனை வீரம்மாளின் காதில் வைத்தாள். வீரம்மாள் நிறுத்தச் சொல்லாமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.